ரீலோட் செய்த .308 தோட்டாக்களில் சில முதல் அடியில் வெடிப்பதில்லை: பிரைமரை மாற்ற வேண்டுமா?

மான்கொம்பு (மிச்சிகன்)

அனைவருக்கும் வணக்கம். .308 வின்செஸ்டர் தோட்டாக்களை வீட்டு கேரேஜில் நானே ரீலோட் செய்கிறேன். அதாவது, சுட்ட கேஸில் (பித்தளை உறை) புதுப் பிரைமர் (தீ மூட்டும் சிறு கிண்ணம்), பவுடர், புல்லட் (பாய்ந்து செல்லும் முனை) ஏற்றி மறுபடி தோட்டாவாக்குகிறேன். ரேஞ்சில் சுடும்போது பெட்டிக்கு இரண்டு மூன்று தோட்டாக்கள் வெடிக்காமல் நின்றுவிடுகின்றன. ட்ரிகரை அழுத்தினால் ஃபயரிங் பின் (பிரைமரை அடிக்கும் ஊசி) விழும் 'டக்' சத்தம் மட்டும் கேட்கிறது. சில தோட்டாக்கள் இரண்டாவது அடியில் வெடிக்கின்றன. சில என்ன செய்தாலும் வெடிப்பதில்லை. கடையில் வாங்கிய தோட்டா இதே துப்பாக்கியில் ஒருமுறைகூட நின்றதில்லை.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். கேஸ்கள் இரண்டு வகை. ஒன்று, நான் கடையில் வாங்கிச் சுட்டவை. மற்றது, ரேஞ்சில் பொறுக்கிய ராணுவக் கேஸ்கள். அடிப்பாகத்தில் 'எல்சி' எழுத்தும், வட்டத்துக்குள் சிலுவைக் குறியும் இருக்கின்றன. எல்லாவற்றையும் தண்ணீரும் எஃகு ஊசிகளும் போட்டுச் சுழலவிட்டுக் கழுவுகிறேன். துண்டில் பரப்பிக் காயவைக்கிறேன். டை என்பது கேஸை அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சு. அதோடு வந்த தாளில் சொன்னபடி, டை ஷெல்ஹோல்டரை (அழுத்து கருவியான ப்ரெஸ்ஸில் கேஸின் அடியைப் பிடித்திருக்கும் துண்டு) தொட்ட பிறகு மேலும் கால் சுற்று இறக்கி, கேஸ் முழு நீளத்தையும் அழுத்தும் ஃபுல் லெங்த் சைஸ் செய்கிறேன். பிரைமரை ப்ரெஸ் கைப்பிடியாலேயே ஏற்றுகிறேன். பவுடர் ஒவ்வொரு கேஸுக்கும் தராசில் நிறுத்துத்தான் போடுகிறேன்.

வெடிக்காத தோட்டாக்களின் பிரைமரில் பின் பதிந்த பள்ளம் மேலோட்டமாக இருக்கிறது. துப்பாக்கிக் கடைக்காரர் ஒருவர் பிரைமர் சரக்கே மோசம் என்கிறார். வேறு பிராண்ட் வாங்கிவிடலாமா? நவம்பர் 15 மான் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. அப்பர் பெனின்சுலாவில் நாள் முழுக்கப் பனியில் உட்கார்ந்திருந்து, மான் வந்து நிற்கும்போது 'டக்' என்று கேட்டால் மனம் தாங்காது.

வடகாற்று (ஆல்பர்ட்டா)

கடைத் தோட்டா சரியாக வெடிக்கிறது என்பதால் துப்பாக்கியை முற்றிலும் விட்டுவிட வேண்டாம். கடைத் தோட்டாவைக் கோடையிலும் ரீலோடை அக்டோபர் குளிரிலும் சுட்டிருந்தால் இரண்டையும் ஒப்பிடவே முடியாது. தோட்டாவுக்குப் பின்னால் குழலை மூடும் போல்ட்டுக்குள் இருக்கும் கிரீஸ் குளிரில் இறுகிவிடும். ஃபயரிங் பின் அதைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருப்பதால் வேகம் குறைந்து, பள்ளம் மேலோட்டமாக விழும். எங்கள் ஊரில் மைனஸ் 25 டிகிரியில் நல்ல தோட்டாவும் இதனால் நின்றிருக்கிறது. போல்ட்டைக் கழற்றிப் பின்னையும் ஸ்பிரிங்கையும் கரைப்பான் விட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, உலர்ந்த நிலையிலேயே மாட்டுங்கள். எண்ணெய் வேண்டும் என்று தோன்றினால் துணியில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்தால் போதும்.

லேத்துக்காரர் (ஓஹையோ)

தம்பி, பிரைமரை மாற்றுவதற்கு முன் வெடிக்காத தோட்டாக்களைக் கையில் எடுத்துப் பாருங்கள். அவற்றில்தான் பதில் இருக்கிறது. ரீலோட் செய்பவர்கள் மிஸ்ஃபயர் வந்ததும் முதலில் பழி போடுவது பிரைமர் மேல். ஆனால் தொழிற்சாலையில் செய்த பிரைமர் தானாகக் கெட்டிருப்பது மிக அரிது. நம் மேசையில் நடந்த ஏதோ ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது, சில தோட்டாக்கள் இரண்டாவது அடியில் வெடிக்கின்றன, சில வெடிப்பதே இல்லை என்பது. இவை இரண்டும் ஒரே நோய் இல்லை என்று நினைக்கிறேன்.

முதல் வகை. பிரைமர் என்பது சிறிய உலோகக் கிண்ணம். அதன் அடியில் தட்டினால் தீப்பிடிக்கும் மருந்து ஒட்டியிருக்கிறது. அதற்கு எதிரே ஆன்வில் என்ற மூன்று கால் தகடு நிற்கிறது. பின் வெளியிலிருந்து கிண்ணத்தை நசுக்கும்போது மருந்து கிண்ணத்துக்கும் ஆன்விலுக்கும் நடுவில் சிக்கி வெடிக்கிறது. இது நடக்க வேண்டுமானால் ஆன்வில்லின் கால்கள் பிரைமர் குழியின் தரையில் உறுதியாக ஊன்றியிருக்க வேண்டும். கால் தரையைத் தொடாமல் நின்றால், பின்னின் முதல் அடி பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். மருந்து நசுங்காது, பள்ளமும் மேலோட்டமாகவே விழும். ஆனால் அந்த அடியால் பிரைமர் தரையைத் தொட்டிருக்கும், அதனால் அடுத்த அடியில் வெடிக்கும். இரண்டாவது அடியில் வெடிக்கும் ரீலோடுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

பிரைமர் ஏன் தரையைத் தொடவில்லை? உங்களிடம் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ராணுவக் கேஸ்களில் பிரைமர் கழன்று வராமல் இருக்க, குழியின் விளிம்பைச் சுற்றி அழுத்தி மடக்கியிருப்பார்கள். 'எல்சி' என்பது மிசூரி மாநிலத்திலுள்ள லேக் சிட்டி ராணுவ ஆலையின் முத்திரை. வட்டத்துக்குள் சிலுவை நேட்டோ குறி. பழைய பிரைமரைத் தட்டி எடுத்த பின்னும் அந்த மடிப்பு விளிம்பில் அப்படியே இருக்கும். அதை ஸ்வேஜ் கருவியால் விரிக்கவோ ரீமரால் சீவவோ வேண்டும். இல்லாவிட்டால் புதுப் பிரைமர் விளிம்பில் உரசிக்கொண்டு சாய்வாகவோ பாதியிலோ நின்றுவிடும். ப்ரெஸ்ஸின் நீண்ட கைப்பிடியில் அது கைக்குத் தெரியாது. எதிர்ப்பு வந்தால் அடி தொட்டுவிட்டது என்றே தோன்றும். உள்ளங்கையில் பிடித்து ஏற்றும் சிறு பிரைமிங் கருவி வாங்குங்கள். முதலில் உரசல், பிறகு வழுக்கி இறங்குவது, கடைசியில் கால் ஊன்றி நிற்பது என்று ஒவ்வொன்றும் விரலுக்குத் தெரியும். இரண்டாவது காரணம் குழியில் படிந்த கரி. ஈரச் சுத்தம் செய்பவர்களுக்கு இது குறைவு. பிரைமரை எடுத்துவிட்டுத்தான் கழுவுகிறீர்கள் என்றால் இதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

பிரைமர் எவ்வளவு இறங்க வேண்டும் என்றால், கேஸ் அடிப்பாகத்தின் மட்டத்துக்குக் கீழே 3 முதல் 5 தவ். (தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் இந்த அளவிலேயே பேசிப் பழகியவன் நான், இங்கே வந்தும் மாறவில்லை.) இதற்குக் கருவியே தேவையில்லை. ஏற்றி முடித்த ஒவ்வொரு கேஸின் அடியிலும் ஆள்காட்டி விரலைக் குறுக்கே தேய்த்துப் பாருங்கள். மெல்லிய பள்ளம் தட்டுப்பட வேண்டும். மட்டமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். மேடு தட்டினால் அது தவறு. இன்னொரு சோதனை, கேஸைக் கண்ணாடித் துண்டின் மேல் நிறுத்திப் பார்ப்பது. உயர்ந்த பிரைமர் உள்ள கேஸ் அசைத்தால் ஆடும், சரியான கேஸ் ஆடாது. கண்ணாடியின் விலையோ சொற்பம். பிரைமர் மேசையில் அது இல்லாமல் நான் உட்கார்வதில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பவுடரும் புல்லட்டும் ஏறிய தோட்டாவில் பிரைமர் உயர்ந்திருப்பதைக் கண்டால், அதை மறுபடி உள்ளே அழுத்தாதீர்கள். மெதுவாகத்தானே அழுத்துகிறோம் என்று நினைக்க வேண்டாம். வெடித்தால் அந்தக் கேஸைத் தாங்கிப் பிடிக்கச் சுற்றிலும் சேம்பர் (குழலில் தோட்டா உட்காரும் அறை) எஃகு இல்லை. உங்கள் முகமும் கையும்தான் இருக்கின்றன. புல்லட்டை உருவி, பவுடரைக் கொட்டிவிட்டு, அதன் பிறகு பிரைமரைக் கவனியுங்கள்.

இரண்டாம் வகைக்கு வருவோம்: எத்தனை அடித்தாலும் வெடிக்காதவை. இங்கே எனக்குச் சந்தேகம் உங்கள் டையின் அந்தக் 'கால் சுற்று' மேல். .308 கேஸுக்கு விளிம்பு இல்லை. அது சேம்பருக்குள் மேலும் போகாமல் நிற்பது தோளில்தான், அதாவது கேஸின் உடல் கழுத்தாகக் குறுகும் சரிவில். சைஸிங் டை தோளை அளவுக்கு மீறிப் பின்னுக்குத் தள்ளிவிட்டால், கேஸுக்கும் போல்ட் முகத்துக்கும் இடையில் இடைவெளி விழும். உங்கள் துப்பாக்கியில் எஜெக்டர் (சுட்ட கேஸை வெளியே தள்ளும் உறுப்பு) போல்ட் முகத்தில் ஸ்பிரிங்கோடு இருக்கும் வகை என்றால், அந்த ஸ்பிரிங் கேஸை முன்னாலேயே தள்ளி வைத்திருக்கும். பின் வந்து அடிக்கும்போது கேஸ் தள்ளி நிற்கிறது. பின் எட்டுகிறது, ஆனால் நசுக்கும் அளவுக்கு எட்டவில்லை. இரண்டாவது அடியிலும் இதே கதைதான். பழைய மவுசர் 98 போன்றவற்றில் பெரிய எக்ஸ்ட்ராக்டர் கேஸின் அடியைக் கவ்விப் போல்ட்டோடு பிடித்துக்கொள்வதால், இதே குட்டைக் கேஸ் அங்கே வெடித்துவிடலாம். நண்பரின் துப்பாக்கியில் வெடித்தது, என்னுடையதில் வெடிக்கவில்லை என்ற குழப்பம் பலருக்கும் வருவது இப்படித்தான்.

சாமி (SAAMI) என்னும் அமெரிக்கத் துப்பாக்கித் தொழில் அமைப்பு வகுத்த அளவில் .308 சேம்பரின் ஹெட்ஸ்பேஸ் (போல்ட் முகத்திலிருந்து தோள் முட்டும் இடம் வரையுள்ள தூரம்) குறைந்தபட்சம் 1.630 அங்குலம். சேம்பர் அளவு மீறியதா என்று பார்க்கும் நோ-கோ கேஜ் 1.634. தோட்டாவின் தோள் அளவு 1.627 முதல் 1.634 வரை இருக்கலாம். கடைத் தோட்டா இந்த எல்லைக்குள் வருவதால் வெடிக்கிறது. டை தாளில் உள்ள கால் சுற்று எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காகச் சொன்ன பொது விதி. உங்கள் சேம்பரை அது அறியாது. போல்ட் ஆக்‌ஷனில் சுட்ட கேஸின் தோளை 1 முதல் 2 தவ் பின்னுக்குத் தள்ளினால் போதும்.

இதை அளக்கக் கம்பேரட்டர் என்ற துணைக்கருவி காலிப்பரில் மாட்டிக்கொள்ளக் கிடைக்கிறது. சுட்ட கேஸை அளந்து எழுதுங்கள், சைஸ் செய்த பின் மறுபடி அளந்து எழுதுங்கள். அது காட்டும் எண்ணைச் சாமியின் 1.630 உடன் நேராக ஒப்பிட வேண்டாம். கருவிக்குக் கருவி சிறிது மாறும். வித்தியாசம்தான் நமக்குத் தேவை. கருவி வாங்க மனமில்லை என்றால் இன்னொரு வழி உண்டு. போல்ட்டிலிருந்து ஃபயரிங் பின்னையும் எஜெக்டரையும் கழற்றிவிடுங்கள். டையைச் சற்று உயர்த்தி வைத்து, பிரைமரும் பவுடரும் இல்லாத வெறும் கேஸைச் சைஸ் செய்து சேம்பரில் போட்டுப் போல்ட்டை மூடிப் பாருங்கள். கைப்பிடி முரண்டு பிடிக்கும். டையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி ஒவ்வொரு முறையும் சோதியுங்கள். கைப்பிடி கடைசிக் கால்பாகத்தில் லேசான தடையோடு இறங்கும் ஓர் இடம் வரும். அதற்கு மேல் மயிரிழை இறக்கிப் பூட்டு வளையத்தை இறுக்கிவிடுங்கள்.

மிஸ்ஃபயரைவிட இதில் எனக்குப் பெரிய கவலை வேறொன்று. தோள் தள்ளிப்போன கேஸ் சுடும்போது முன்னும் பின்னும் இழுபட்டு, அடிப்பாகத்துக்குச் சற்று மேலே சுவர் மெலிந்துகொண்டே வரும். சில சுடுதலுக்குப் பிறகு கேஸ் அந்த இடத்திலேயே இரண்டாகப் பிளக்கும். சூடான வாயு போல்ட் பக்கம் பாயும். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் சிறு கொக்கியாக வளைத்துக்கொள்ளுங்கள். கேஸுக்குள் விட்டு, அடியிலிருந்து மேல்நோக்கிச் சுவரோடு ஒட்டி இழுங்கள். நல்ல கேஸில் வழுவழுப்பாக வரும். மெலிந்த கேஸில் ஓரிடத்தில் கொக்கி விழுந்து தட்டுப்படும். வெளியே அதே உயரத்தில் பளபளப்பான வளையமும் தெரியலாம். அப்படிப்பட்ட கேஸை ப்ளையரால் நசுக்கிப் பழைய இரும்பில் போடுங்கள். பித்தளை விலையை எண்ணித் தயங்க வேண்டாம்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: வெடிக்காதவற்றையும் இரண்டாம் அடியில் வெடித்தவற்றையும் அடிமுத்திரை வாரியாகப் பிரியுங்கள். என் கணிப்பு, இரண்டாம் அடியில் வெடித்தவை பெரும்பாலும் 'எல்சி' கேஸ்களாக இருக்கும். வெடிக்கவே வெடிக்காதவை உங்கள் சொந்தக் கேஸ்களாக இருக்கும். ராணுவக் கேஸ்கள் பல இயந்திரத் துப்பாக்கியின் தாராளமான சேம்பரில் சுட்டவை. தோள் முன்னே போயிருக்கும், பித்தளையும் கெட்டி. அதே டை அளவில் அவை உங்கள் கேஸ் அளவுக்குக் குட்டையாகாது.

ராணுவக் கேஸின் சுவர் பொதுவாகத் தடிமன். உள்ளே இடம் குறைவு. இரண்டு வகைக்கும் ஒரே அளவு பவுடர் போடாதீர்கள். கேள்விக்கு வெளியே போகிறேன் என்றாலும் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. ராணுவக் கேஸுக்குக் கையேட்டின் தொடக்க அளவிலிருந்து மறுபடி படிப்படியாக ஏறி வாருங்கள்.

வெயிலூர் (டெக்சாஸ்)

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? வெடிக்காவிட்டால் போல்ட் கைப்பிடியைத் தூக்கி இறக்கி உடனே மறுபடி அடிக்க வேண்டியதுதான். பத்தில் ஒன்பது வெடித்துவிடும். வேட்டையில் யாராவது நின்று கடிகாரம் பார்ப்பார்களா?

லேத்துக்காரர் (ஓஹையோ)

நண்பரே, தயவுசெய்து இந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். 'டக்' என்ற சத்தத்துக்குப் பிறகு அது மிஸ்ஃபயரா, ஹேங்ஃபயரா என்று யாருக்கும் தெரியாது. ஹேங்ஃபயர் என்றால் பிரைமரோ பவுடரோ தாமதமாகத் தீப்பிடிப்பது. போல்ட் ஆக்‌ஷனில் பின்னை மறுபடி ஏற்ற வேண்டுமானால் கைப்பிடியைத் தூக்கியாக வேண்டும். கைப்பிடியைத் தூக்கினால் போல்ட்டைப் பூட்டியிருக்கும் லக்குகள் திரும்பிக் கழலுகின்றன. தாமதமாக வெடிக்கும் தோட்டா அந்த நொடியைத் தேர்ந்தெடுத்தால், பூட்டில்லாத போல்ட்டின் பின்னால் உங்கள் முகம் இருக்கும். .308 சுடும்போது சேம்பரில் எழும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டுக்கு அருகில் போகக்கூடியது.

அதனால் குழலை இலக்கின் பக்கமே நீட்டி, கையை எடுக்காமல் காத்திருங்கள். பாதுகாப்பு வகுப்புகளில் 30 விநாடி என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் ஒரு நிமிடம் நிற்பேன். பிறகு குழலை அப்படியே வைத்துக்கொண்டு, முகத்தைப் போல்ட்டின் பாதையிலிருந்து விலக்கித் திறந்து தோட்டாவை எடுங்கள். ரேஞ்சில் வெடிக்காத தோட்டாக்களுக்கென்று தனி டப்பா இருந்தால் அதில் சேருங்கள். மான் ஓடினால் ஓடட்டும். அது மறுநாளும் அதே காட்டில்தான் இருக்கும்.

இன்னொன்று. 'டக்' என்பதற்குப் பதிலாக மெல்லிய 'பொப்' சத்தம் வந்து, உங்கள் தோளில் துப்பாக்கியின் உதை இல்லாமல் போனால், அடுத்த தோட்டாவை ஏற்றவே கூடாது. பவுடர் இல்லாமல் பிரைமர் மட்டும் வெடித்து, புல்லட்டைக் குழலுக்குள் தள்ளிச் சிக்கவைத்திருக்கலாம். அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் கிழியும். அதே காத்திருப்பு முடிந்த பிறகு போல்ட்டை உருவிவிட்டு, குழலின் பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் அன்றைக்கு அந்தத் துப்பாக்கிக்கு ஓய்வு. வீட்டில் இது நடக்காமலிருக்க, பவுடர் போட்ட கேஸ்களைத் தாங்கிப் பலகையில் நிறுத்தி, புல்லட் ஏற்றுவதற்கு முன் டார்ச் அடித்து எல்லா வாயிலும் ஒரே மட்டத்தில் பவுடர் தெரிகிறதா என்று பார்த்துவிட வேண்டும். தராசில் நிறுத்துப் போட்டோம் என்ற நம்பிக்கை மட்டும் போதாது.

வடகாற்று (ஆல்பர்ட்டா)

அண்ணா சொன்ன ஹேங்ஃபயர் குளிரில் உண்மையாகவே வருகிறது. உருண்டை மணிகளாக இருக்கும் பவுடர் (ball powder) வகைக்குத் தீப்பிடிக்கக் கூடுதல் சூடு வேண்டும். எங்கள் பக்கம் அதற்கு மேக்னம் பிரைமர் போடுகிறார்கள். ஆனால் பிரைமர் வகையை மாற்றினால் அழுத்தம் மாறும். பழைய பவுடர் அளவை அப்படியே வைத்துக்கொண்டு பிரைமரை மட்டும் மாற்றாதீர்கள். அளவைக் குறைத்துத் தொடக்கத்திலிருந்து வாருங்கள்.

ஈரமாகக் கழுவுகிறீர்கள் என்பதால் இன்னொரு விஷயம். துண்டில் பரப்பினால் கேஸின் வெளிப்புறம் காயும், உள்ளே தீத்துளையில் (பிரைமரின் தீ பவுடருக்குப் போகும் துளை) ஒரு துளி தண்ணீர் தங்கிவிடும். அந்தத் துளை 2 மில்லிமீட்டர்தான், காற்று எளிதில் புகாது. நான் பழம் உலர்த்தும் மின்சாதனம் ஒன்றை இதற்கென்றே தனியாக வாங்கி வைத்திருக்கிறேன். சமையலுக்கு அது மறுபடி போகக் கூடாது. பிரைமர் கரியில் ஈயம் இருக்கிறது. எஃகு ஊசிகள் இரண்டு சேர்ந்து தீத்துளையில் செருகிக்கொள்வதும் உண்டு. ஒவ்வொரு கேஸையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துத் துளை வழியாகப் பாருங்கள்.

புதுவரவு (நியூ ஜெர்சி)

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். நான் ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன். ரீலோடிங்கில் ஆர்வம் வந்துவிட்டது. உரிமம் ஏதும் வேண்டுமா? விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அப்பாவுக்கும் காட்டலாம் என்று நினைத்தேன். அவரிடம் உரிமத்தோடு ஒரு பழைய ரைபிள் இருக்கிறது.

ஏட்டுச்சட்டம் (பென்சில்வேனியா)

சொந்தப் பயன்பாட்டுக்கு ரீலோட் செய்ய அமெரிக்க ஃபெடரல் சட்டப்படி உரிமம் தேவையில்லை. விற்பதற்காகத் தயாரித்தால் உரிமம் கட்டாயம். ஆனால் உங்கள் சிக்கல் அதற்கு முன்னாலேயே தொடங்குகிறது. குடியேறாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே பொதுவாகக் குற்றம். விதிவிலக்குகள் சில உண்டு. ஏதேனும் ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது அவற்றில் ஒன்று. அது காலாவதியானால் விதிவிலக்கும் போய்விடும். மாநிலச் சட்டம் தனி. நியூ ஜெர்சி கடுமையானது. ஒரு வழக்கறிஞரிடம் காசு கொடுத்துக் கேளுங்கள். கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் காலத்தில் இதில் சிக்கினால் வாழ்க்கையே திசைமாறிவிடும்.

ஊரில் காட்டும் எண்ணத்தை அடியோடு விட்டுவிடுங்கள். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவு உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதைத் தடை செய்கிறது. துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் அதற்குப் போதாது. பிரைமரையோ பவுடரையோ பெட்டியில் வைத்து விமானத்தில் எடுத்துச் செல்வது எந்த நாட்டிலும் நடக்காது.

மான்கொம்பு (மிச்சிகன்)

லேத்துக்கார அண்ணாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அடிமுத்திரை வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். இரண்டாம் அடியில் வெடித்தவை எல்லாம் 'எல்சி' கேஸ்கள்தாம். குழி விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தால் மடிப்பு தட்டுப்படுகிறது. மீதமிருக்கும் தோட்டாக்களைக் கண்ணாடியில் நிறுத்தினேன். ராணுவக் கேஸ்களில் பல ஆடுகின்றன. என் சொந்தக் கேஸ்களில் ஒன்றுகூட ஆடவில்லை.

கம்பேரட்டரும் வாங்கி அளந்தேன். என் துப்பாக்கியில் சுட்ட கேஸுக்கும், அதையே சைஸ் செய்த பிறகு வந்த அளவுக்கும் 12 தவ் வித்தியாசம். பேப்பர் கிளிப் சோதனையில் சில கேஸ்களில் கொக்கி தெளிவாகவே விழுந்தது. அவற்றை அன்றைக்கே நசுக்கிவிட்டேன். போல்ட்டையும் கழற்றிக் கழுவினேன். உள்ளே பழுப்பு நிறத்தில் பிசின் மாதிரி கிரீஸ் இருந்தது. வடகாற்று சொன்னதும் வீண்போகவில்லை.

ஆனால் வெடிக்காதவற்றில் ஒன்று மட்டும் எந்தக் கணக்கிலும் சேரவில்லை. என் சொந்தக் கேஸ்தான், ஆனால் பின் பள்ளம் நடுவில், ஆழமாக, கச்சிதமாக விழுந்திருக்கிறது. அது ஏன் வெடிக்கவில்லை?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. பழைய முறையில் ஏற்றிய தோட்டாக்கள் இரண்டு மூன்று பெட்டி அப்படியே கிடக்கின்றன. ஆடாதவற்றையாவது ரேஞ்சில் சுட்டுத் தீர்த்துவிடலாமா?

லேத்துக்காரர் (ஓஹையோ)

ஆழமான பள்ளம் விழுந்தும் வெடிக்கவில்லை என்றால், பின் தன் வேலையைச் செய்துவிட்டது. மிச்சம் பிரைமருக்குள்தான். ஆன்வில் சாய்ந்திருக்கலாம், ஏற்றும்போது மருந்து உதிர்ந்திருக்கலாம், குழியில் ஈரம் இருந்திருக்கலாம், அல்லது நான் அரிது என்று சொன்ன அந்தத் தொழிற்சாலைக் குறையாகவே இருக்கலாம். அதைப் பிரித்துப் பார்க்க ஆசைப்படாதீர்கள்; ரேஞ்ச் டப்பாவில் போட்டுவிடுங்கள். பிரைமர் அட்டையில் அச்சிட்டிருக்கும் லாட் எண்ணை (தயாரிப்புத் தொகுதி எண்) மட்டும் நோட்டில் எழுதி வையுங்கள். அதே லாட்டில் ஆழமான பள்ளத்தோடு இன்னொன்றும் நின்றால், எண்ணைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்கு எழுதலாம். பிரைமர்களை எப்போதும் அவற்றின் சொந்த அட்டையிலேயே வைத்திருங்கள். கண்ணாடிப் புட்டியில் கொட்டி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்று வெடித்தால் மொத்தமும் சேர்ந்து வெடிக்கும். அதோடு, பெரிய ரைபிள் பிரைமரும் பெரிய பிஸ்டல் பிரைமரும் ஒரே விட்டம், 0.210 அங்குலம். உயரம் மட்டும்தான் வேறு. அட்டையை விட்டு வெளியே வந்தால் கண்ணால் பிரிப்பது கடினம்.

மீதித் தோட்டாக்களைச் சுட வேண்டாம். ஆடாதவை என்றால் பிரைமர் சரி என்றுதான் பொருள், தோள் சரி என்று பொருளில்லை. 12 தவ் தள்ளிப்போன கேஸை இன்னொரு முறை சுட்டால் சுவர் இன்னும் மெலியும். எல்லாவற்றின் புல்லட்டையும் உருவிவிடுங்கள். சுத்தியல் வகைப் புல்லர் மலிவு. ப்ரெஸ்ஸில் மாட்டும் காலெட் புல்லர் நிதானமானது; உங்களிடம் இருக்கும் எண்ணிக்கைக்கு அதுவே நல்லது. எதைப் பிடித்தாலும் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். எந்தப் பவுடர் என்று சிறு ஐயம்கூட இல்லாவிட்டால் மட்டும் அதைப் பழைய டப்பாவில் கொட்டுங்கள். ஐயம் இருந்தால் புல்வெளியில் மெல்லிய படலமாகத் தூவிவிடுங்கள், உரமாகிவிடும்.

பிரைமரோடு இருக்கும் வெறும் கேஸ்களை அவசரப்பட்டுத் தட்டி எடுக்க வேண்டாம். பிரைமர் சரியான ஆழத்தில் இருக்கும் உங்கள் சொந்தக் கேஸ்களை, பவுடரும் புல்லட்டும் இல்லாமல், ரேஞ்சில் சேம்பரில் போட்டு இலக்கை நோக்கிச் சுட்டுப் பிரைமரைத் தீர்த்துவிடலாம். காதுக்கு மூடி போட்டுக்கொள்ளுங்கள். வெடிக்காத பிரைமர் இருந்தால், அதை அந்தக் கேஸோடு ரேஞ்ச் டப்பாவில் சேருங்கள். அதன் பிறகு எல்லாக் கேஸையும் கிளிப்பால் சோதித்து, தேறியவற்றை மட்டும் புது டை அளவில் சைஸ் செய்யுங்கள்.

நவம்பர் 15க்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வேட்டைக்கு எடுத்துச் செல்லும் ஒவ்வொரு தோட்டாவையும், பின் கழற்றிய போல்ட்டோடு, உங்கள் சேம்பரில் ஒருமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். இதையும் ரேஞ்சில், குழல் இலக்கின் பக்கம் இருக்க, செய்யுங்கள். கேரேஜில் வேண்டாம். சிக்காமல் மூடித் திறப்பவற்றைத் தனிப் பெட்டியில் வைத்து, மூடியில் பவுடர் பெயர், அளவு, பிரைமர் லாட், தேதி நான்கையும் எழுதி ஒட்டிவிடுங்கள்.